இருப்பு எங்கே இருக்கிறது? கிளாஸும் ஆப்ஜெக்ட்டும்

கிளாஸ் என்பது வரைபடம், ஆப்ஜெக்ட் என்பது அதை வைத்துக் கட்டிய வீடு. ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கத்தைச் சொல்லித்தர உட்காரும் யாரும் முதலில் எடுக்கும் உவமை இது. சிங்கப்பூரில் இதற்கு எடுத்துக்காட்டு தேடவே வேண்டாம், சன்னலைத் திறந்தால் எதிர் புளோக் தெரியும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நான்கறை வீட்டுக்கு ஒரு வரைபடம்: சுமார் 90 சதுர மீட்டர், மூன்று படுக்கையறை, ஒரு கூடம். அந்த ஒரே தாளை வைத்து எத்தனையோ வீடுகள். எட்டாவது மாடியில் கதவு நீலம், ஒன்பதாவது மாடியில் வாசலில் மாவிலைத் தோரணம். ஒரு வீட்டுக்காரர் சமையலறைத் தடுப்பை எடுத்துவிட்டார் என்பதற்காகப் பக்கத்து வீட்டுத் தடுப்பு காணாமல் போவதில்லை.

இதுவரை உவமை சரி. இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். வீடு கட்டி முடிந்ததும் வரைபடம் பெட்டிக்குள் போய்விடுகிறது. அடுத்த வருடம் அதைத் திருத்தினாலும் குடியேறியவர்களின் வீட்டில் ஒரு செங்கல்கூட அசையாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் கிளாஸ் அப்படிப் பெட்டிக்குள் போவதில்லை. அது நினைவகத்தில் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் அதை ஒரு கயிற்றால் பிடித்துக்கொண்டிருக்கிறது. பைத்தான் மொழியில் நிரல் ஓடும்போதே கிளாஸிலுள்ள ஒரு மெத்தடை, அதாவது ஆப்ஜெக்ட் செய்யும் ஒரு வேலையின் செய்முறையை, மாற்றினால், ஏற்கெனவே உருவான ஆப்ஜெக்ட்டுகள் எல்லாம் அடுத்த நொடியிலிருந்து புது மாதிரி நடந்துகொள்ளும்.

அதனால் வரைபடத்தைவிட லிஃப்ட் நல்ல உவமை. மேசை, நாற்காலி, அலமாரி அவரவர் வீட்டுக்குள். லிஃப்ட் புளோக்குக்கே பொது, ஆனால் ஏறியவர் எந்த மாடிக்குப் போகச் சொல்கிறாரோ அங்கே போகும். ஆப்ஜெக்ட்டின் தரவு வீட்டுச் சாமான், மெத்தட்தான் லிஃப்ட். ஆயிரம் ஆப்ஜெக்ட் உருவாக்கினாலும் மெத்தட் ஒரே பிரதிதான். தொடக்க நிலையில் வரும் பிழைகளில் பெரும்பங்கு, எது வீட்டுக்குள் இருக்கிறது, எது புளோக்கில் இருக்கிறது என்று தவறாக நினைத்ததால் வருபவை.

சொற்களைப் பற்றி இரண்டு வரி. தமிழ்நாட்டுக் கணினிப் பாடநூல்கள் கிளாஸை ‘இனக்குழு’ என்கின்றன. ‘வகுப்பு’ என்று எழுதுவோரும் உண்டு, ஆனால் அது பள்ளிக்கூடத்தை நினைவூட்டிக் குழப்பும். இங்கே ஓ நிலை கணினிப் பாடத்தில் பைத்தானும், ஜேசியில் ஹெச்2 கணினிப் பாடத்தில் ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கமும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அதனால் வீட்டில் தமிழில் பேசும்போதும் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்றே வாயில் வரும். இங்கும் அப்படியே. ஆனால் ‘பொருள்’ என்ற சொல் வீணில்லை, பின்னால் அது கைகொடுக்கும்.

ஒரு அட்டையை எழுதிப் பார்ப்போம்

பேருந்திலும் எம்ஆர்டியிலும் தட்டும் பயண அட்டையை எடுத்துக்கொள்வோம். கீழே இருப்பது பைத்தான், தமிழ் எழுத்தில். இயக்கிப் பார்க்க கிளாஸ், டெஃப், இனிட், இஃப், ரிட்டர்ன், அப்பெண்ட் போன்ற பைத்தானுக்கே உரிய சொற்களை மட்டும் ஆங்கில எழுத்துக்கு மாற்றுங்கள். அட்டை, எண், இருப்பு என்ற பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 முதல் அவை செல்லும்.

கிளாஸ் அட்டை:
    டெஃப் __இனிட்__(தான், எண், இருப்பு):
        தான்.எண் = எண்
        தான்.இருப்பு = இருப்பு
        தான்.பயணங்கள் = []

    டெஃப் கழி(தான், கட்டணம்):
        இஃப் கட்டணம் > தான்.இருப்பு:
            ரிட்டர்ன் ஃபால்ஸ்
        தான்.இருப்பு = தான்.இருப்பு - கட்டணம்
        தான்.பயணங்கள்.அப்பெண்ட்(கட்டணம்)
        ரிட்டர்ன் ட்ரூ

அம்மா = அட்டை("0001", 1000)
மகன் = அட்டை("0002", 1000)
அம்மா.கழி(150)

‘தான்’ என்று எழுதிய இடத்தில் உலகம் முழுக்க ‘செல்ஃப்’ என்றுதான் எழுதுகிறார்கள். அது பைத்தானின் திறவுச்சொல் இல்லை, வெறும் வழக்கம். வேலையிடத்தில் வழக்கத்தை மீற வேண்டாம். படிக்கும்போது ‘தான்’ என்று வாசித்தால் வரியின் கருத்து சட்டென்று பிடிபடும்: தான் வைத்திருக்கும் இருப்பு, தான் போன பயணங்கள்.

தொகையை வெள்ளியில் வைக்காமல் காசில், முழு எண்ணாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். 1000 என்றால் 10 வெள்ளி. தசம எண்ணாக வைத்தால் 0.1 உடன் 0.2 கூட்டும்போது 0.30000000000000004 வரும். கணினி இரும எண்ணில் 0.1ஐத் துல்லியமாக எழுத முடியாததால் வரும் கோளாறு அது. ஒரு பயணத்தில் தெரியாது, மாதக் கணக்கை ஒப்பிடும்போது இடிக்கும்.

கடைசி மூன்று வரிகள் ஓடியபின் அம்மாவின் இருப்பு 850, மகனுடையது 1000. கிளாஸ் ஒன்று, ஆப்ஜெக்ட் இரண்டு, கழி என்ற மெத்தட் ஒன்றே ஒன்று.

இப்போது ‘அம்மா.கழி(150)’ என்ற ஒரு வரியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பைத்தான் முதலில் அம்மா சுட்டும் ஆப்ஜெக்ட்டுக்குள் தேடுகிறது. அங்கே எண், இருப்பு, பயணங்கள் என மூன்று சாமான்கள், கழி இல்லை. உடனே கயிற்றைப் பிடித்து கிளாஸுக்குப் போகிறது. அங்கே கழி இருக்கிறது. எடுத்து, யாருக்காகத் தேடி வந்ததோ அந்த ஆப்ஜெக்ட்டையே முதல் உள்ளீடாகச் செருகி அழைக்கிறது. அதாவது ‘அட்டை.கழி(அம்மா, 150)’ என்று எழுதியதும் இதுவும் ஒன்றுதான். புள்ளிக்கு முன்னால் நின்றவர் அடைப்புக்குள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

இது தெரிந்தால் புதியவர்களை மிரட்டும் பிழைச் செய்திகள் பேச ஆரம்பித்துவிடும். டெஃப் வரியில் ‘தான்’ எழுத மறந்து, ‘கழி(கட்டணம்)’ என்று மட்டும் எழுதிவிட்டீர்கள். அழைக்கும்போது பைத்தான் சொல்லும்: இந்த ஃபங்ஷன் ஒரு உள்ளீடுதான் எடுக்கும், இரண்டு தரப்பட்டிருக்கிறது. ‘நான் 150 ஒன்றைத்தானே கொடுத்தேன்’ என்று தோன்றும். இரண்டாவது, புள்ளிக்கு முன்னால் நின்ற அம்மா.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. ‘அம்மா = அட்டை’ என்று அடைப்புக்குறி போடாமல் விட்டால் ஆப்ஜெக்ட் எதுவும் பிறக்காது. அம்மா என்ற பெயர் கிளாஸையே சுட்டும். அந்த வரியில் பிழை வராது. நாலு வரி தள்ளி ‘அம்மா.கழி(150)’ என்னும்போது, ஒரு உள்ளீடு குறைகிறது என்று வரும். செருகுவதற்கு ஆப்ஜெக்ட் இல்லாததால் 150 போய் ‘தான்’ இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் மெத்தட்தான் இனிட். அதன் இரு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடு வேண்டும். ஒன்று குறைந்தால் அது யாரும் அழைக்காத சாதாரண மெத்தடாகிவிடும், ஆப்ஜெக்ட் உருவாக்கப் போனால் ‘அட்டை எந்த உள்ளீடும் எடுக்காது’ என்று பதில் வரும்.

பொதுவில் வைத்த பட்டியல்

அடுத்தது, பைத்தான் எழுதும் எவரும் ஒருமுறையாவது விழும் குழி. பயணங்கள் பட்டியலை இனிட்டுக்குள் வைக்காமல், கிளாஸ் வரிக்கு நேர் கீழே ‘பயணங்கள் = []’ என்று எழுதிவிடுகிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். சோதிக்கும்போது ஒரே அட்டையை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே வரும். இரண்டாவது அட்டை வந்ததும் அம்மா போன பயணம் மகனின் பட்டியலிலும் தெரியும்.

காரணம் அதே தேடல் முறைதான். மகன் ஆப்ஜெக்ட்டுக்குள் பயணங்கள் இல்லை, கிளாஸில் இருக்கிறது, கிளாஸில் இருப்பதோ ஒரே பட்டியல். வீட்டுக்குள் வைக்க வேண்டிய அலமாரியை லிஃப்ட்டுக்குள் வைத்தாயிற்று.

இதன் தம்பி இன்னும் குறும்புக்காரன். மொத்தம் எத்தனை அட்டை என்று எண்ண, கிளாஸில் ‘எண்ணிக்கை = 0’ என்று வைத்து, இனிட்டுக்குள் ‘தான்.எண்ணிக்கை = தான்.எண்ணிக்கை + 1’ என்று எழுதுகிறார்கள். மூன்று அட்டை உருவாக்கியபின் பார்த்தால் ஒவ்வொரு அட்டையும் 1 என்கிறது, கிளாஸ் இன்னும் 0 என்கிறது. படிக்கும்போது தேடல் கிளாஸ் வரை போகிறது. எழுதும்போது போவதில்லை, ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே புதிதாக எழுதிவிடுகிறது. கிளாஸின் 0ஐப் படித்து, 1 கூட்டி, தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறது ஒவ்வொரு அட்டையும். ‘அட்டை.எண்ணிக்கை = அட்டை.எண்ணிக்கை + 1’ என்று கிளாஸின் பெயரையே சொல்லி எழுதினால் சரியாகிவிடும். பட்டியலில் மட்டும் ஏன் எல்லோருக்கும் பரவியது? அப்பெண்ட் என்பது எழுதுவதே இல்லை. பொதுப் பட்டியலைப் படித்து எடுத்து, அதற்குள்ளேயே ஒன்றைச் சேர்க்கிறது.

இனிட்டின் உள்ளீட்டில் ‘பயணங்கள்=[]’ என்று இயல்புநிலை மதிப்பு கொடுத்தாலும் இதே நோய்தான். அந்தக் காலிப் பட்டியல் டெஃப் வரி ஓடும்போது ஒருமுறைதான் உருவாகிறது, ஒவ்வொரு அழைப்புக்கும் அல்ல. இயல்புநிலையாக, ‘எதுவும் இல்லை’ என்று பொருள்படும் ‘நன்’ கொடுத்து, உள்ளே நன் என்றால் புதுப் பட்டியல் உருவாக்குவதே வழக்கமான மருந்து. 2018இல் பைத்தான் 3.7 கொண்டுவந்த டேட்டாகிளாஸ் இதைப் பார்த்ததுமே பிழை என்று நிறுத்திவிடுகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே புதிதாக எழுதுவோர் அதைப் பழகலாம்.

சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம். ‘வார்ஸ்(அம்மா)’ என்று தட்டினால் அந்த ஆப்ஜெக்ட்டுக்குள் இருப்பது மட்டும் வரும், ‘வார்ஸ்(அட்டை)’ என்றால் கிளாஸில் இருப்பது. எது வீட்டில், எது புளோக்கில் என்று இரண்டு வரியில் தெரிந்துவிடும்.

எழுத்துப்பிழை தனிக் கதை. ‘அம்மா.இருப்பு = 2000’ என்பதற்குப் பதிலாக, ரகர றகரம் மாறி ‘அம்மா.இறுப்பு = 2000’ என்று தட்டிவிட்டால் பைத்தான் முகம் சுளிக்காது. இறுப்பு என்று ஒரு புதுச் சாமானை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போய்விடும். பழைய இருப்பு அப்படியே கிடக்கும். ஜாவா மொழியில் இது, நிரல் ஓடுவதற்கு முன் அதைத் தொகுக்கும்போதே மாட்டிக்கொள்ளும். பைத்தானில் வேண்டுமானால் ‘ஸ்லாட்ஸ்’ என்ற பட்டியலில் அனுமதிக்கும் பெயர்களை முன்கூட்டியே அறிவிக்கலாம், வேறு பெயர் வந்தால் பிழை எழும்.

சொல்லும் பொருளும்

இலக்கணம் படித்தவர்களுக்கு ‘ஒரு பொருள் குறித்த பல சொல்’ புதிதல்ல. நிரலில் மாறி (அம்மா, மகன் போன்ற பெயர்) என்பது சொல், ஆப்ஜெக்ட் என்பது பொருள். சொல்லுக்குள் பொருள் இல்லை, சொல் பொருளைச் சுட்டுகிறது. ‘அக்கா = அம்மா’ என்று எழுதினால் புது அட்டை பிறக்காது. ஒரே அட்டைக்கு இரண்டு பெயர் ஆகும். ‘அக்கா.கழி(100)’ என்றால் அம்மாவின் இருப்பும் குறைந்திருக்கும், ஏனென்றால் அது வேறு அட்டையே இல்லை.

இதிலிருந்துதான் சமம் பற்றிய குழப்பம் வருகிறது. ஒரே எண், ஒரே இருப்பு என்று இரண்டு அட்டை ஆப்ஜெக்ட் உருவாக்கி, இரட்டைச் சமக்குறி போட்டுக் கேட்டால் பைத்தான் ‘இல்லை’ என்கிறது. நாம் வேறு சொல்லாதவரை, இரண்டும் ஒரே பொருளா என்றுதான் அது பார்க்கும், ஒரே மாதிரியா என்று பார்க்காது. எண் ஒன்றானால் போதும், சமம்தான் என்று வைக்க ‘ஈக்யூ’ மெத்தடை எழுத வேண்டும். எழுதியதும் அடுத்த சங்கடம் வரும்: அதுவரை செட்டில் (ஒன்றே இருமுறை வராத தொகுப்பில்) போட முடிந்த அட்டையை இப்போது போட முடியாது. ஈக்யூவை மட்டும் எழுதினால், செட்டுக்குள் எந்தப் பெட்டியில் வைப்பது என்று சொல்லும் எண்ணைத் தரும் ‘ஹாஷ்’ மெத்தடைப் பைத்தான் பறித்துவிடுகிறது. சமமான இரண்டு ஆப்ஜெக்ட்டுக்கு ஒரே ஹாஷ் இருந்தாக வேண்டும், அதை இனி நீயே பார்த்துக்கொள் என்று பொருள். எண்ணை வைத்து ஹாஷ் எழுதுங்கள். இருப்பை வைத்து எழுதாதீர்கள். தட்டுந்தோறும் இருப்பு மாறும், அட்டையை ஒரு பெட்டியில் போட்டுவிட்டு வேறு பெட்டியில் தேடுவதுபோல் ஆகிவிடும்.

அட்டையில் இருப்பதும் கணக்கில் இருப்பதும்

2024 ஜனவரியில் சிங்கப்பூரே பேசிய ஒரு விஷயம் இந்தப் பாடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. 2002இல் வந்த ஈசி-லிங்க் அட்டையின் பழைய முறையில் இருப்பு அட்டையின் சில்லுக்குள்ளேயே இருக்கும். தட்டினால் வாயிற்கருவி சில்லைப் படித்து, கழித்து, மிச்சத்தைத் திரும்பச் சில்லில் எழுதும். அதனால் அந்த நொடியிலேயே மிச்சத்தைத் திரையில் காட்ட முடியும். பின்னால் வந்த சிம்ப்ளிகோ முறையில் அட்டையில் இருப்பது அடையாளம்தான். பணம் பின்னணியில், கணக்கில் இருக்கிறது. தட்டும்போது யார் தட்டினார் என்பது பதிவாகும், கணக்கு அங்கே தீரும். வாயிலில் கட்டணமும் இருப்பும் தெரியாது. வயதுவந்தோருக்கான பழைய அட்டைகளை ஜூன் 1 முதல் நிறுத்தப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்ததும் பலருக்கு உறுத்தியது இதுதான். ஜனவரி 22இல் அந்த முடிவு கைவிடப்பட்டது, பழைய முறையையும் தொடர 40 மில்லியன் வெள்ளி கூடுதலாக ஒதுக்கப்பட்டது.

நிரலர் கண்ணில் இது கிளாஸ் வடிவமைப்பு பற்றிய கேள்வி. பழைய முறையில் அட்டை கிளாஸுக்குள் இருப்பு. புதிய முறையில் இரண்டு கிளாஸ்: ‘கணக்கு’ கிளாஸில் இருப்பும் பயணங்களும், ‘அட்டை’ கிளாஸில் எண்ணும், எந்தக் கணக்கு என்ற சுட்டும். அட்டையின் கழி மெத்தட் தானே எதையும் கழிக்காது, ‘தான்.கணக்கு.கழி(கட்டணம்)’ என்று தள்ளிவிடும்.

இதன் லாபம் அட்டை தொலையும்போது தெரியும். ‘புதிது = அட்டை("0003", அம்மா.கணக்கு)’ என்று ஒரு வரி எழுதினால் பணம் எங்கும் நகராமல் புது அட்டை அதே கணக்கைப் பிடித்துக்கொள்ளும். முந்தைய பகுதியில் தொல்லையாக இருந்த ‘ஒரு பொருள், பல சொல்’ இங்கே வேண்டி விரும்பிச் செய்வது. ஆனால் தொலைந்த அட்டையை முடக்க வேண்டுமே, ‘முடக்கப்பட்டது’ என்ற பண்பை எந்தக் கிளாஸில் வைப்பது? கணக்கில் வைத்தால் புது அட்டையும் சேர்ந்து முடங்கும். அட்டையில்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு பண்புக்கும் இப்படிக் கேட்டுப் பழகினால் பாதி வடிவமைப்பு முடிந்த மாதிரி.

நகலெடுப்பதில் கவனம். பைத்தானின் ‘காப்பி’ மேலோட்டமாக நகலெடுக்கும்: அட்டை இரண்டாகும், கணக்கு ஒன்றாகவே இருக்கும். ‘டீப்காப்பி’ கணக்கையும் சேர்த்து நகலெடுக்கும். 10 வெள்ளி இருந்த இடத்தில் இரண்டு 10 வெள்ளி. சோதனைக்கு நகல் எடுத்து, அதைத் தவறி உண்மைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் நிரல் பணம் அச்சடிக்க ஆரம்பித்துவிடும்.

இருப்பை வெளியிலிருந்து யாரும் தொடாதபடி மறைப்பதும் இங்கே சேரும். ஜாவாவில் ‘பிரைவேட்’ என்றால் தொகுப்பியே தடுக்கும். பைத்தானில் பெயருக்கு முன் ஒரு அடிக்கோடு போடுவது ‘இதைத் தொடாதீர்கள்’ என்ற வேண்டுகோள் மட்டும், பூட்டு அல்ல. இரண்டு அடிக்கோடு போட்டால் பெயரோடு கிளாஸின் பெயரும் ஒட்டிக்கொள்ளும், அதுவும் திறக்க முடியாத பூட்டு இல்லை. மறைப்பதன் நோக்கம் ரகசியம் காப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இருப்பு ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு விதி இருந்தால், அதைக் காக்கும் ‘இஃப்’ ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதே உண்மையான காரணம். இருபது இடங்களில் இருப்பை நேரடியாக மாற்றினால் இருபது இடங்களில் அந்த விதியை எழுத வேண்டும், இருபத்தோராவது இடத்தில் மறந்துபோகும்.

கோப்பிக் கடையில் மரபுரிமை

கிளாஸ் என்ற யோசனையே வரிசையில் நிற்பவர்களால் பிறந்தது. 1960களில் ஓஸ்லோவில் உள்ள நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும், வாடிக்கையாளர்கள் வந்து, நின்று, சேவை பெற்றுப் போகும் அமைப்புகளைக் கணினியில் பாவித்துப் பார்க்க ஒரு மொழி உருவாக்கினார்கள். நிற்கும் ஒவ்வொருவருக்கும் சொந்தத் தரவு, எல்லோருக்கும் ஒரே நடத்தை. 1967இன் சிமுலாவில் அது கிளாஸாகவும், கிளாஸிலிருந்து கிளைக்கும் துணைக்கிளாஸாகவும் வந்தது. கணினித் துறையின் உயர்ந்த விருதான டூரிங் விருது 2001இல் இருவருக்கும். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராகச் சிமுலா பழகிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் பெல் ஆய்வகத்தில் சி மொழியோடு கிளாஸைச் சேர்க்க ஆரம்பித்து, அது சி++ ஆனது. ‘ஆப்ஜெக்ட் சார்ந்த’ என்ற பெயரைக் கொடுத்த ஆலன் கே, ஜெராக்ஸின் ‘பார்க்’ ஆய்வு மையத்தில் ஸ்மால்டாக் மொழியை உருவாக்கியபோது, கிளாஸைவிட ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதையே முக்கியமாகக் கருதினார். 1995இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் கிளாஸ் என்ற சொல்லே இல்லாமல் இருபது ஆண்டு ஓடியது. அதில் ஒரு ஆப்ஜெக்ட் நேராக இன்னொரு ஆப்ஜெக்ட்டைப் பிடித்துக்கொண்டு, தன்னிடம் இல்லாததை அதனிடம் தேடும். 2015இல் கிளாஸ் என்ற சொல் வந்தபோதும் அடியில் அதே கயிறுதான்.

துணைக்கிளாஸ் என்பதும், தாய்க்கிளாஸிடமிருந்து அது பெறும் மரபுரிமையும் அந்தக் கயிற்றின் நீட்சியே. ஆப்ஜெக்ட்டில் இல்லையா, கிளாஸில் தேடு. அங்கும் இல்லையா, தாய்க்கிளாஸில் தேடு. கருவி பழகிய உற்சாகத்தில் எல்லாவற்றுக்கும் அதைத் தூக்குகிறார்கள் என்பதுதான் சிக்கல். காலை ஏழு மணிக் கோப்பிக் கடை வரிசை இதற்கு நல்ல பாடம்.

“அண்ணே, கோப்பி சி கோசோங் பெங் ஒன்னு, தப்பாவ்.”

கோப்பி என்று மட்டும் சொன்னால் இனிப்பு டின் பாலோடு வரும். ஓ என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. சி என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். இனிப்புக்கு மூன்று நிலை: வழக்கம்போல், குறைவாகச் சியூ தை, இல்லவே இல்லை என்றால் கோசோங். காவ் என்றால் கடுப்பம், போ என்றால் லேசு. பெங் என்றால் ஐஸ். இவற்றை ஒவ்வொரு துணைக்கிளாஸாக எழுதப் புறப்பட்டால் பால் 3, இனிப்பு 3, கடுப்பம் 3, சூடா ஐஸா 2 என்று 54 கிளாஸ். இனிப்பு டின் பாலோடு கோசோங் கேட்க முடியாது, இனிப்பு பாலிலேயே இருக்கிறது. அந்த 6ஐக் கழித்தால் 48. தேத்தண்ணீரும் சேர்ந்தால் இரட்டிப்பு. நாளைக்குக் கடைக்காரர் புதிதாக ஒரு பால் வகை வாங்கி வைத்தால் மறுபடி எழுத வேண்டும்.

கடைக்காரரிடம் 48 செய்முறைத் தாள் இல்லை. ஒரு கோப்பியும், அதில் மாற்றக்கூடிய நாலு விஷயமும்தான் அவர் மனதில் இருக்கிறது. நிரலிலும் அப்படியே: கோப்பி என்று ஒரே கிளாஸ், பால், இனிப்பு, கடுப்பம், ஐஸ் என நான்கு பண்பு. இனிப்புப் பாலும் கோசோங்கும் சேர்ந்து வந்தால் இனிட்டுக்குள்ளேயே பிழை எழுப்பிவிட வேண்டும். தவறான கோப்பி பிறந்தபின் அதை ஊற்றும் இடத்தில், விலை போடும் இடத்தில், ரசீதில் என்று துரத்திப் பிடிப்பதைவிட, பிறக்கவே விடாமல் இருப்பது மலிவு. தப்பாவ் (கட்டிக்கொண்டு போவது) மட்டும் கோப்பியின் பண்பு அல்ல, ஆர்டருடையது. அதே கோப்பியைக் கோப்பையில் ஊற்றினாலும் பையில் கட்டினாலும் கோப்பி மாறுவதில்லை.

அப்படியானால் மரபுரிமை எங்கே சரி? பயண அட்டைக்குத் திரும்புவோம். கட்டணம் பயணத் தூரத்தைப் பொறுத்தது. மாணவருக்கு, முதியவருக்கு, மற்றவருக்குக் கணக்கு வேறு. வாயிற்கருவி ‘நீ மாணவரா, முதியவரா’ என்று இஃப் மேல் இஃப் போட்டுக் கேட்காமல், ‘கட்டணம்(தூரம்)’ என்று மட்டும் கேட்க, எந்த வகையோ அது தன் கணக்கைச் சொன்னால் போதும். புது வகை வந்தால் கருவியின் நிரலில் கை வைக்க வேண்டாம். பல்லுருவாக்கம் என்று பெரிய பெயர் வைத்திருப்பது இதற்குத்தான்.

உடனே கை ‘முதியோர்_அட்டை’ என்று துணைக்கிளாஸ் எழுதத் துடிக்கும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அம்மாவுக்கு 60 வயது நிறைந்ததும் முதியோர் சலுகைக்குத் தகுதி வந்துவிடும். ஆனால் அவர் பெயரில் உருவான ஆப்ஜெக்ட் சாதாரண அட்டைக் கிளாஸில் பிறந்தது. பிறந்த கிளாஸை மாற்ற ஜாவாவில் வழியே இல்லை, பைத்தானில் வழி இருந்தாலும் செய்யக்கூடாத வேலை. புது ஆப்ஜெக்ட் உருவாக்கி, எண், கணக்கு எல்லாவற்றையும் மாற்றி, பழையதைச் சுட்டிய ஒவ்வொரு பெயரையும் தேடித் திருத்த வேண்டியிருக்கும். ஒருவர் வாழ்நாளில் மாறக்கூடிய எதையும் துணைக்கிளாஸாக வைக்காமல் இருப்பது நல்லது. ‘கட்டண_முறை’ என்று தனிக் கிளாஸ் வைத்து, அதிலிருந்து மாணவர், முதியவர், பொது என்று மூன்று துணைக்கிளாஸ் எடுத்து, அட்டை அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். பிறந்தநாளன்று ‘அம்மா.கட்டண_முறை = முதியோர்_முறை()’ என்ற ஒரே வரி போதும். அட்டை அதே அட்டை, கணக்கு அதே கணக்கு.

கிளாஸே தேவைப்படாத இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவதால்தான் பலர் எல்லாவற்றையும் கிளாஸுக்குள் திணிக்கிறார்கள். காசைக் கொடுத்தால் ‘8.50 வெள்ளி’ என்று எழுதித் தரும் வேலைக்கு, ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் இடையில் நினைவில் வைக்க எதுவுமில்லை. அதற்கு இனிட்டும் ‘தானும்’ எழுதி, ஆப்ஜெக்ட் ஒன்று உருவாக்கி, உடனே தூக்கி எறிவது வீண். பைத்தானில் கோப்பின் மேல்மட்டத்திலேயே ஒரு டெஃப் எழுதினால் முடிந்தது. ஜாவாவில் எந்த ஃபங்ஷனும் ஒரு கிளாஸுக்குள் இருந்தாக வேண்டும் என்பதால் ‘ஸ்டாட்டிக்’ என்று போட்டு வைக்கிறார்கள். அதிலுள்ள ‘மேத்’ கிளாஸ் அப்படிப்பட்டது. வர்க்கமூலம், சைன், கொசைன் எல்லாம் அதற்குள் இருக்கும், ஆனால் அதிலிருந்து ஒரு ஆப்ஜெக்ட்கூட உருவாக்க முடியாது.